ஃபார்மட் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம், டீச்சர்

கேள்வி: வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். கேள்வித்தாள் பிரிண்ட் எடுக்க பென் டிரைவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் வந்ததிலிருந்து தொல்லை. அதிலிருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. வீட்டு கம்ப்யூட்டரில் (விண்டோஸ் 10) என் பெயருள்ள ஃபோல்டருக்குள் ஏதோ கிறுக்கல் பெயரில், விபிஎஸ் என்று முடியும் ஒரு ஃபைல் இருக்கிறது. அழிக்கப் போனால், ‘மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்டில் இந்த ஃபைல் திறந்திருக்கிறது’ என்று சொல்லி மறுக்கிறது. ஒருமுறை எப்படியோ அழிந்தது, மறுநாள் காலையில் அதே இடத்தில் இருந்தது. ஆன்டி வைரஸ் தினமும் ‘ஜென்க்ஸ்கஸ்’ என்று ஒரு பெயரைக் காட்டி, நீக்கிவிட்டேன் என்கிறது. அதன் சந்தாவும் போன மாதம் முடிந்துவிட்டது. அக்கா பையன் அந்த ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்தான் வைரஸ் என்று அதையே அழிக்கப் பார்த்தான். ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர் அனுமதி வேண்டும்’ என்று வந்தது. சர்வீஸ் கடையில் எல்லாவற்றையும் ஃபார்மட் போட வேண்டும் என்கிறார்கள். பல வருஷக் கேள்வித்தாள்கள் அந்த பென் டிரைவில்தான் இருக்கின்றன. ஃபார்மட் தவிர வேறு வழி இல்லையா? என் போனுக்கும் இது பரவுமா?

பதில்:

வணக்கம் டீச்சர். உங்கள் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் அதே பென் டிரைவில்தான் இருக்கின்றன. அதனால் யார் சொன்னாலும் அதை இப்போது ஃபார்மட் செய்யாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மீதியை நிதானமாகப் படித்தாலும் போதும்.

நம்பிக்கை வர ஒரு சோதனை. பென் டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். உள்ளே தெரியும் ஷார்ட்கட் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கேபிதான் இருக்கும். ஆனால் பயன்படுத்திய இடம் எத்தனையோ ஜிபி என்று காட்டும். அந்த ஜிபியெல்லாம் உங்கள் ஃபைல்கள். வைரஸ் அவற்றை அழிக்கவில்லை. விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களைக் கண்ணில் படாமல் வைக்கப் பயன்படுத்தும் ‘ஹிடன்’, ‘சிஸ்டம்’ என்ற இரண்டு முத்திரைகளை உங்கள் ஃபோல்டர்களுக்கும் குத்திவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்டுகளைப் போட்டிருக்கிறது.

அந்த ஷார்ட்கட் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்றின் மீது ரைட் கிளிக் செய்து (டபுள் கிளிக் வேண்டவே வேண்டாம்) பிராப்பர்ட்டீஸில் ‘டார்கெட்’ என்ற கட்டத்தைப் படியுங்கள். நியாயமான ஷார்ட்கட்டில் ஃபோல்டரின் முகவரி மட்டும்தான் இருக்கும். இதில் ஒரு நீளமான கட்டளை இருக்கும். முதலில் சிஎம்டி (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் நிரல்), அப்புறம் ‘ஸ்டார்ட்’ போட்டு நீங்கள் சொன்ன அந்தக் கிறுக்கல் பெயர் விபிஎஸ் ஃபைல், அதை ஒட்டியே ‘ஸ்டார்ட் எக்ஸ்ப்ளோரர்’ போட்டு உங்கள் உண்மையான ஃபோல்டரின் பெயர், கடைசியில் ‘எக்ஸிட்’. அதாவது நீங்கள் கிளிக் செய்ததும் முதலில் வைரஸ் ஓடும், அடுத்த நொடி உங்கள் ஃபோல்டரும் ஒழுங்காகத் திறக்கும். திறந்துவிடுவதால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஜெராக்ஸ் கடைக்காரரும் உங்களைப் போலத்தான். ஒரு நாளில் எத்தனையோ பேரின் பென் டிரைவ் ஏறி இறங்கும் கம்ப்யூட்டர் அது. அவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்.

அடுத்தது, ஏன் அழிய மறுக்கிறது என்பது. விபிஎஸ் என்பது விபிஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய வெறும் எழுத்து ஃபைல். அது தானாக ஓடாது. அதைப் படித்து ஓட்டுவதற்கென்று விண்டோஸிலேயே உள்ள நிரல்தான் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட். அக்கா பையன் கை வைத்தது அதன் மேல். அது மைக்ரோசாஃப்ட்டின் சொந்தப் பொருள், குற்றவாளி இல்லை. விண்டோஸின் முக்கிய ஃபைல்களுக்குக் காவலாக இருக்கும் டிரஸ்டட் இன்ஸ்டாலர் தடுத்தது நல்லதாகப் போயிற்று. சில வீடியோக்களில் அந்த அனுமதியைக் கைப்பற்றி அழிக்கும் வழி காட்டுவார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒன்றை அழிக்க டிரஸ்டட் இன்ஸ்டாலர் அனுமதி கேட்டால், நாம் தப்பான ஃபைலைப் பிடித்திருக்கிறோம் என்று எடுத்துக்கொள்வதே பத்திரம்.

ஜென்க்ஸ்கஸ் எழுதியவர்கள் இதில் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். ஓட ஆரம்பித்ததும் அந்த ஸ்கிரிப்ட் தன் சொந்த ஃபைலையே திறந்து பிடித்துக்கொள்ளும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பிரதி ஓடாமல் இருக்க அவர்கள் செய்த ஏற்பாடு அது. உங்களுக்கு வந்த ‘ஃபைல் திறந்திருக்கிறது’ என்ற செய்தி அதனால்தான். மேலும் சில நொடிக்கு ஒருமுறை, செருகியிருக்கும் பென் டிரைவ்களில் தன் பிரதியையும் ஷார்ட்கட்டுகளையும் மறுபடி எழுதும், ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒரு பிரதி வைக்கும், கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தன்னை அழைக்கும்படி ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) ஒரு வரியும் சேர்த்துவிடும். நீங்கள் அழித்ததும் மறுநாள் காலையில் அது வந்து உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான். ஓடுவதை நிறுத்தாமல் ஃபைலை மட்டும் அழிப்பது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைக்கிற கதை.

ஆக, வரிசைதான் முக்கியம். முதலில் ஓட்டத்தை நிறுத்த வேண்டும், பிறகு ஃபைலை அழிக்க வேண்டும், அதன் பிறகு அதைத் தினமும் எழுப்பிவிடும் வரியை எடுக்க வேண்டும், கடைசியில்தான் பென் டிரைவ். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அழிக்கவே முடியாத வைரஸ் என்கிறார்கள்.

தொடங்குவதற்கு முன் காலாவதியான அந்த ஆன்டி வைரஸை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறொரு ஆன்டி வைரஸ் இருந்தால் விண்டோஸின் சொந்தக் காவலான டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், அதை எடுத்ததும் தானாக எழுந்துவிடும். இணையத்தில் இருக்கும்போதே விண்டோஸ் செக்யூரிட்டிக்குப் போய் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ பகுதியில் அப்டேட் கொடுங்கள். முடிந்ததும் வைஃபையை அணைத்துவிடுங்கள், கேபிள் என்றால் பிடுங்கிவிடுங்கள். பென் டிரைவும் வெளியே இருக்கட்டும்.

அதே பகுதியில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ உள்ளே, கடைசிக்குப் பக்கத்தில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கும். இந்த இடங்களைச் சோதிக்காதே என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் பட்டியல் அது. நீங்களாக எதையும் சேர்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் அது காலியாக இருக்க வேண்டும். சி டிரைவ் முழுவதுமோ, தற்காலிக ஃபைல்கள் இருக்கும் டெம்ப் ஃபோல்டரோ அதில் இருந்தால் வைரஸ் சேர்த்திருக்கலாம். இல்லையென்றால் விண்டோஸ் போட்டுத் தந்தவர் லைசென்ஸ் இல்லாமல் ஆக்டிவேட் செய்யும் கிராக் ஏதாவது ஓட்டியபோது சேர்ந்திருக்கும். எப்படி வந்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். வீடுகளுக்கு சர்வீஸுக்குப் போகும்போது நான் முதலில் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான். டிஃபெண்டர் சரியில்லை என்று திட்டுகிற பல வீடுகளில் அதன் கண்ணைக் கட்டியிருப்பார்கள்.

பிறகு ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துக்கொள்ளுங்கள், உடனே ரீஸ்டார்ட் ஆகிவிடும். வழக்கமான விண்டோஸ் எழுவதற்கு முன்பே, தனியான ஒரு சூழலில் இந்த ஸ்கேன் நடக்கும். சுமார் 15 நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் வைரஸ் ஓடிக்கொண்டிருக்காது, எந்த ஃபைலையும் பிடித்துக்கொண்டிருக்காது. அதனால் அழிக்க முடியாது என்ற பேச்சே எழாது. தினமும் நீக்கிவிட்டேன் என்று சொல்லும் ஆன்டி வைரஸ், ஓடும் விண்டோஸுக்குள் நின்றுகொண்டு நீக்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உங்கள் வீட்டில் இந்த ஒரு ஸ்கேனிலேயே கதை முடிந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

முடியவில்லை, அதே ஃபைல் மறுபடி தலைகாட்டுகிறது என்றால் கையால் இறங்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்துக்குப் போய், மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து ‘செலக்ட் காலம்ஸ்’ மூலம் ‘கமாண்ட் லைன்’ என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது டபிள்யூஸ்கிரிப்ட் (அந்த ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்டின் நிரல் பெயர்) என்று ஓடிக்கொண்டிருக்கும் வரியின் எதிரே, அது எந்த ஃபைலை ஓட்டுகிறது, அந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழு முகவரியும் தெரியும். இதை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த அதே ஃபைல்தானா, வேறு இடத்தில் இன்னொன்றும் இருக்கிறதா என்பது இங்கே தெரிந்துவிடும். டாஸ்க் மேனேஜரையே திறக்க விடாமல் ‘அட்மினிஸ்ட்ரேட்டர் முடக்கியுள்ளார்’ என்று வந்தால் பதற வேண்டாம், அதுவும் வைரஸ்களின் பழைய தந்திரம்தான். அடுத்த கட்டத்துக்குப் போய்விடுங்கள்.

அடுத்த கட்டம் சேஃப் மோடு. பழைய விண்டோஸ் மாதிரி எஃப்8-ஐத் தட்டிக்கொண்டிருந்தால் வராது. ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். நீலத் திரையில் ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ என்று போய் மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும், அதில் 4-ஐ அழுத்துங்கள். சிலர் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவி வழியாக சேஃப் பூட் போடச் சொல்வார்கள். அதை மறுபடி எடுக்க மறந்தால் ஒவ்வொரு தடவையும் சேஃப் மோடிலேயே எழுந்து நிற்கும். அந்த வம்பு வேண்டாம். சேஃப் மோடில் சில சமயம் பின் நம்பர் வேலை செய்யாது, உங்கள் அக்கவுண்டின் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும். விண்டோஸ் 11 லேப்டாப்பில் இதைச் செய்யப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பல லேப்டாப்களில் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும், 48 இலக்க ரெகவரி கீ கேட்டாலும் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து எழுதிக்கொண்டு இறங்குங்கள்.

சேஃப் மோடில் விண்டோஸ் தன் உயிருக்குத் தேவையானதை மட்டும்தான் எழுப்பும். ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் இருப்பதையோ, ரெஜிஸ்ட்ரி வரிகள் அழைப்பதையோ ஓட்டாது. ஆக உங்கள் விபிஎஸ் இப்போது அநாதையாகக் கிடக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பக்கத்தில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் செய்யுங்கள். ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய் ‘ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’, ‘ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்’ இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். போனில் எடுத்த படத்தில் உள்ள முகவரிக்குப் போய், ஷிஃப்ட் டெலீட் கொடுத்து நிரந்தரமாக அழியுங்கள். அதே பெயரில் டெம்ப் ஃபோல்டரிலும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலும் பிரதி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதையும்.

இங்கேயும் ‘ஆக்ஸஸ் டினைடு’ என்று வந்தால் அது வேறு விஷயம். ஃபைல் ஓடவில்லை, ஆனால் அதன் உரிமையாளர் நீங்கள் இல்லை என்று விண்டோஸ் நினைக்கிறது. பிராப்பர்ட்டீஸில் ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்டு’ என்று போய் ‘ஓனர்’ என்ற இடத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, உங்களுக்கு ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்துவிட்டு அழிக்கலாம். அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். அவசரத்தில் சி டிரைவ் முழுவதற்கும் உரிமை மாற்றினால், வைரஸ் செய்யாத சேதத்தை நாமே செய்துவிடுவோம்.

இதெல்லாம் முடித்து சாதாரணமாக ஆன் செய்ததும் ஒரு பெட்டி வரலாம். தலைப்பில் ‘விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’, உள்ளே ‘ஸ்கிரிப்ட் ஃபைலைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று சொல்லி அந்தக் கிறுக்கல் பெயர். இதைப் பார்த்ததும் வைரஸ் இன்னும் இருக்கிறது என்று பயந்து கடைக்கு ஓடுகிறவர்கள் நிறைய. உண்மையில் அது நல்ல சகுனம். ஃபைல் போய்விட்டது, அதைக் கூப்பிடும் வரி மட்டும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வரியை எடுக்க ‘ஆட்டோரன்ஸ்’ என்ற இலவசக் கருவியை மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். மார்க் ருசினோவிச்சின் சிஸ்இன்டர்னல்ஸ் குழுவின் கருவி, 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. கம்ப்யூட்டர் எழும்போது எதெல்லாம் சேர்ந்து எழுகிறது என்று ஒரே இடத்தில் அது காட்டும். பட்டியலின் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். மேலே உள்ள ஃபில்டர் பெட்டியில் அந்த விபிஎஸ் ஃபைலின் பெயரை அடியுங்கள், சம்பந்தப்பட்ட வரிகள் மட்டும் நிற்கும். டிக்கை எடுத்துவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் அழித்துக்கொள்ளலாம். பெயர் தெரியாத வேறு வரிகளில் கை வைக்காதீர்கள்.

பென் டிரைவுக்கு வருவோம். கம்ப்யூட்டர் சுத்தமான பிறகு செருகுங்கள். விண்டோஸ் 7 வந்ததிலிருந்து பென் டிரைவைச் செருகியதும் உள்ளே இருப்பது தானாக ஓடும் வசதி கிடையாது. எனவே நீங்கள் ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்யாதவரை ஜென்க்ஸ்கஸ் கிளம்பாது. ஹிடன் ஃபைல்களைக் காட்டும்படி ஏற்கெனவே வைத்திருப்பதால் உங்கள் உண்மையான ஃபோல்டர்கள் சற்று மங்கலாகத் தெரியும். ‘டைப்’ வாரியாக அடுக்கி, ஷார்ட்கட் என்று போட்டிருப்பதையும் விபிஎஸ் ஃபைலையும் அழித்துவிடுங்கள்.

மங்கலான ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ‘ஹிடன்’ டிக்கை எடுக்கலாம் என்று பார்த்தால் அந்தக் கட்டம் மாற்ற முடியாதபடி இருக்கும். சிஸ்டம் முத்திரையும் சேர்ந்து இருப்பதுதான் காரணம். அட்ரிப் என்ற கட்டளையால் அதை எடுக்கலாம், ஆனால் அந்தக் கட்டளையில் ஓர் இடைவெளி தப்பினாலும் வேலை செய்யாது. உங்களுக்கு அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். பென் டிரைவின் மங்கலான ஃபோல்டருக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, புதிய ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். இந்த வகை வைரஸ் முத்திரை குத்துவது மேல் தட்டில் இருப்பவற்றுக்கு மட்டும்தான், உள்ளே இருப்பவை சாதாரணமாகவே வந்துவிடும். ஃபோல்டருக்குள் போடாமல் நேராக பென் டிரைவில் வைத்த வேர்டு ஃபைல்கள் இருந்தால், திறந்து ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வேறு பெயரில் சேமித்தால் போதும், முத்திரை ஒட்டாது. பெயரே இல்லாமல் ஒரு ஃபோல்டர் மட்டும் தெரிந்தால் அதையும் திறந்து பாருங்கள். கேமாரூ என்ற வேறொரு வைரஸ், கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைப் பெயராக வைத்து ஃபோல்டர் உண்டாக்கி, எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிடும். எடுத்த கேள்வித்தாள்களில் நாலைந்தைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு பென் டிரைவைத் தாராளமாக ஃபார்மட் செய்யுங்கள்.

கம்ப்யூட்டரை ஃபார்மட் போடச் சொன்ன கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது நிச்சயமான வேலை, கணக்கான கூலி. ஆனால் கடைகளில் ஃபார்மட் என்றால் பெரும்பாலும் சி டிரைவ் மட்டும்தான். டி டிரைவும் அந்த பென் டிரைவும் அப்படியே இருக்கும். வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் செருகி ஒரு ஷார்ட்கட்டைக் கிளிக் செய்தால் காசும் போச்சு, வைரஸும் வந்தாச்சு. போதாக்குறைக்கு, கிராக் போட்ட விண்டோஸை ஏற்றித் தந்தால் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

ஃபார்மட்தான் சரி என்று நானே சொல்லும் இடமும் உண்டு. ஸ்கேன் முடிவில் சாலிட்டி, விருட், ராம்னிட் என்ற பெயர்கள் வந்தால் ஒவ்வொரு ஃபைலாகச் சுத்தம் செய்து மாரடிக்காதீர்கள். இவை தனி ஃபைலாக உட்காராமல், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் நல்ல நிரல்களுக்குள் தங்களைச் செருகிக்கொள்ளும் வகை. ராம்னிட் வலைப்பக்க ஃபைல்களைக்கூட விடாது. ஆன்டி வைரஸ் அவற்றை அழித்தால் நிரலும் சேர்ந்து போகும், சுத்தம் செய்தாலும் சில ஓட மறுக்கும், ஒன்று தப்பினாலும் மறுபடி எல்லாவற்றிலும் பரவும். அப்படியானால் படங்கள், வேர்டு, பிடிஎஃப் போன்றவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இஎக்ஸ்இ என்று முடியும் எதையும் எடுக்காமல், எல்லா டிரைவையும் சேர்த்து அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதுதான் வழி. அதற்கு வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட்டின் ‘மீடியா கிரியேஷன் டூல்’ கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை இறக்கிக்கொள்ளலாம். முறையாக ஆக்டிவேட் ஆன கம்ப்யூட்டர் என்றால் லைசென்ஸ் அந்த மெஷினோடு இணைந்தே இருக்கும், திரும்ப வாங்க வேண்டியதில்லை. உங்கள் ஜென்க்ஸ்கஸ் இந்த ஜாதி இல்லை என்பதால்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற ஃபோல்டரில் வைரஸ் இருப்பதாகக் காட்டினால் அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பழைய ரெஸ்டோர் பாயிண்ட்டுகள் (விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்ப எடுத்துவைத்த பிரதிகள்) இருக்கும் இடம் அது. எல்லாம் சுத்தமான பிறகு சிஸ்டம் புரொடெக்‌ஷனை அணைத்துவிட்டு, பழையவை அழிந்ததும் மறுபடி ஆன் செய்தால் போதும். முதலிலேயே அணைத்துவிட்டால், ஏதாவது தப்பாகப் போகும்போது திரும்பிப் போக வழி இருக்காது.

ஒரு ஃபைல் வைரஸா இல்லையா என்றே சந்தேகம் என்றால் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஸ்பெயினில் 2004-இல் தொடங்கி, 2012-இல் கூகுள் கைக்குப் போன இலவசச் சேவை. எழுபதுக்கும் மேற்பட்ட ஆன்டி வைரஸ்களிடம் ஒரே நேரத்தில் கருத்துக் கேட்கும். ஒன்றிரண்டு மட்டும் வைரஸ் என்று சொல்லி மற்றவை சும்மா இருந்தால் அது தவறான சந்தேகமாக இருக்கலாம். ஆனால் அங்கே ஏற்றும் ஃபைல் ஆய்வாளர்கள் கைக்கும் போகும். ஆதார், பேங்க் பேப்பர், நாளைய கேள்வித்தாள் எதையும் அதில் போட வேண்டாம்.

இனிப் பாஸ்வேர்டுகள். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜென்க்ஸ்கஸ் ஷார்ட்கட் போட்டுத் தொல்லை செய்வதோடு நிற்காது. ஹூடினி என்ற பெயரிலும் சுற்றிய இந்தக் குடும்பம், வெளியே ஒருவர் கட்டளையிட்டால் உங்கள் ஃபைலை அனுப்பவும், புதிதாக ஏதாவது இறக்கி ஓட்டவும் தெரிந்தது. 2014 ஜூன் கடைசியில் மைக்ரோசாஃப்ட் நீதிமன்ற உத்தரவு வாங்கி, இது பேசிக்கொண்டிருந்த இணையப் பெயர்களையே கைப்பற்றியது. சம்பந்தமில்லாத பலரின் தளங்களும் சேர்ந்து முடங்கியதில் பெரிய கூச்சல் ஆனது தனிக்கதை. எனவே அந்தக் கம்ப்யூட்டரில் பயன்படுத்திய மெயில், நெட் பேங்கிங் பாஸ்வேர்டுகளை உங்கள் போனிலிருந்து இன்றே மாற்றிவிடுங்கள். சுத்தம் செய்து முடியும்வரை அதில் பேங்க் வேலை வேண்டாம். கணக்கில் தெரியாத எடுப்பு ஏதாவது இருந்தால் வங்கிக்கும் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள்.

இது மறுபடி வராமல் இருக்க ஒரு சின்ன வேலை. செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’, ‘டிஃபால்ட் ஆப்ஸ்’ என்று போனால், ஃபைல் வகை வாரியாக எதில் திறக்க வேண்டும் என்று மாற்றும் இடம் இருக்கும். விபிஎஸ் என்பதற்கு எதிரே நோட்பேடைத் தேர்ந்தெடுங்கள். இனி தவறிப்போய் அப்படியொரு ஷார்ட்கட்டைக் கிளிக் செய்தாலும், வைரஸ் ஓடுவதற்குப் பதிலாக அதன் எழுத்துகள் நோட்பேடில் திறந்து நிற்கும். வீட்டு கம்ப்யூட்டரில் விபிஸ்கிரிப்டுக்கு வேறு உபயோகம் எதுவும் இல்லை. அந்த மொழியைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட்டே 2023-இல் அறிவித்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்கு இனி பென் டிரைவே வேண்டாம், கேள்வித்தாளை பிடிஎஃப் ஆக்கி மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பிவிடலாம். கேள்வித்தாள்களுக்கு இன்னொரு பிரதி வேறு இடத்திலும் இருக்கட்டும்.

ஆன்டி வைரஸ் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டுமா என்றால், உங்கள் அளவுக்கு டிஃபெண்டரே போதும் என்பேன். காசு கொடுத்து வாங்கினால்தான் மனம் நிம்மதி என்றால் சென்னையின் கே7, புணேயின் குவிக் ஹீல் என்று நம் ஊரிலேயே இருக்கின்றன. எது வாங்கினாலும் சந்தா முடிந்த அன்றே புதுப்பியுங்கள், இல்லையென்றால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். நடுவில் விடுவதுதான் ஆபத்து. அதைவிட எனக்குக் கவலை உங்கள் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை நிறுத்திவிட்டார்கள். கம்ப்யூட்டர் தாங்கும் என்றால் விண்டோஸ் 11-க்கு மாறிவிடுங்கள்.

போன் விஷயத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. விபிஎஸ் ஆண்ட்ராய்டில் ஓடாது. ஆனால் வைரஸ் இருந்த நாட்களில் போனின் மெமரி கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகியிருந்தால், கார்டில் அந்த ஷார்ட்கட்டுகள் ஏறியிருக்கலாம். போனை அவை ஒன்றும் செய்யாது. அந்தக் கார்டை வேறொரு கம்ப்யூட்டரில் செருகுவதற்கு முன்னால், பென் டிரைவுக்குச் சொன்னதையே அதற்கும் செய்துவிடுங்கள்.